‘வரம்புக்குள் இருக்கிறது’ என்றால் என்ன? – வாசகர் கேள்வி பதில்

நச்சுப் பொருள்களுக்கு அரசு வைக்கும் வரம்புகள் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். குடிநீர்ப் பரிசோதனை, பயிர்ப் பாதுகாப்பு, விளைபொருளில் தங்கும் மருந்து எச்சத்தின் பகுப்பாய்வு ஆகிய துறைகளில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து எழுதியது.

எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு 1.4 என்று அறிக்கை வந்தது. ‘வரம்புக்குள்தான் இருக்கிறது, குடிக்கலாம்’ என்கிறார்கள். ஆனால் என் பையன் பல்லில் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறதே?
– வாசகி, பென்னாகரம்

அந்த அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஃபுளோரைடுக்கு நேரே இரண்டு எண்கள் இருக்கும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாகச் சொல்வது லிட்டருக்கு 1.0 மில்லிகிராம். 1.5 என்பது வேறு நீராதாரமே இல்லாத இடத்துக்குக் கொடுத்த சலுகை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் வந்துகொண்டிருக்கும் மாவட்டத்தில் அந்தச் சலுகையை வழக்கமான வரம்பாக எடுத்துக்கொள்வது சரியல்ல. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவது) பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது.

1.5க்குப் பின்னால் உள்ள கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் டீன் என்ற ஆய்வாளர் ஊர் ஊராகக் குழந்தைகளின் பல்லையும் அந்த ஊர்த் தண்ணீரையும் ஒப்பிட்டார். லிட்டருக்கு 1 மி.கி. அளவில் சொத்தை குறைகிறது, கறையும் லேசாகவே இருக்கிறது என்று கண்டார். உலக சுகாதார நிறுவனம் 1984இல் 1.5ஐ வழிகாட்டு அளவாக வைத்தது. அந்த நிறுவனத்தின் குடிநீர்க் கணக்குகளில் பெரியவர் ஒருவர் நாளைக்கு 2 லிட்டர் குடிப்பதாகத்தான் வழக்கமாக வைத்துக்கொள்வார்கள். 2 லிட்டருக்கு 3 மி.கி. ஆகிறது. சித்திரை வெயிலில் கல் குவாரியிலோ கரும்புக் காட்டிலோ வேலை செய்கிறவர் 5 லிட்டர் குடித்தால் அதே தண்ணீரில் 7.5 மி.கி. உடம்புக்குள் போகிறது. டீயிலும் சாப்பாட்டிலும் வருவது தனி. எல்லா வழியிலும் சேர்த்து நாளைக்கு 6 மி.கி.க்கு மேல் போனால் எலும்பு பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுவதற்கு அறிகுறிகள் இருக்கின்றன என்றும், 14 மி.கி.யில் பாதிப்பு தெளிவாகத் தெரிகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2002இல் மதிப்பிட்டது. தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் அளவையும் பார்த்து ஒவ்வொரு நாடும் வரம்பை அமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. வெயில் ஊருக்கு 1.5 பொருந்துமா என்று கேட்பது நியாயமான, அறிவியல்பூர்வமான கேள்வி.

சான்று வந்ததும் எண் மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் குடிநீருக்கான சட்ட வரம்பு 1986 முதல் 4.0தான். அது போதிய பாதுகாப்புத் தரவில்லை, குறைக்க வேண்டும் என்று அந்நாட்டு தேசிய ஆய்வுக் கழகம் 2006இல் சொன்னது. சட்டத்தில் இன்னும் 4.0 இருக்கிறது. 1.5க்கு மேற்பட்ட தண்ணீர் குடிக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவெண் குறைவதோடு தொடர்பு தெரிகிறது என்று அங்குள்ள தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் ‘மிதமான நம்பிக்கை’ என்ற குறிப்போடு அறிவித்தது.

பையன் விஷயம்: பல் எனாமல் உருவாவது ஏறக்குறைய 8 வயது வரை. விழுந்த கோடு தண்ணீரை மாற்றினால் மறையாது. ஆனால் இனி முளைக்கும் பல்லுக்கும், எலும்புக்கும், அடுத்த குழந்தைக்கும் பலன் உண்டு. காவிரி நீரோடு போர் தண்ணீரைக் கலந்து விடும் இடமாக இருந்தால் தொட்டியில் எடுத்த மாதிரி போதாது. உங்கள் வீட்டுக் குழாயில் எடுங்கள். 5 நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் 1 லிட்டர் பிடியுங்கள். ஃபுளோரைடு சோதனைக்குக் கண்ணாடி பாட்டில் ஆகாது. கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை சோதித்தால்தான் உண்மை நிலை தெரியும். மாவட்டத் தலைநகரில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம்.

படிகாரம் போட்டால் ஃபுளோரைடு போய்விடுமா? கொதிக்க வைத்தால் போதுமா?
– வாசகர், காரிமங்கலம்

கொதிக்க வைக்கவே வேண்டாம். நீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கும், அடர்த்திதான் கூடும்.

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறை வேலை செய்யும், அளவு சரியாக இருந்தால். அடியிலிருந்து 5 செ.மீ. மேலே குழாய் வைத்த 40 லிட்டர் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும், பிறகு படிகாரக் கரைசல். சுண்ணாம்பு படிகாரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 10 நிமிடம் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, குழாய் வழியே மேல் தண்ணீரை மட்டும் பிடிக்க வேண்டும். படிகாரம் எவ்வளவு என்பது தண்ணீரின் ஃபுளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்தது. அதனால் இரண்டையும் சோதித்து, ஆய்வகத்தில் அளவு எழுதி வாங்காமல் கைக்கணக்கில் போடக் கூடாது. காரத்தன்மை குறைந்த தண்ணீரில் படிகாரம் கூடிப்போனால் புளிப்பேறி அலுமினியம் கரைந்தே நிற்கும். ஐ.எஸ். 10500இல் அலுமினியத்துக்கு ஏற்கத்தக்க அளவு 0.03 மி.கி., சலுகை அளவு 0.2. இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீரில் அலுமினியம் இருந்தால், நிறம் பார்க்கும் சோதனை ஃபுளோரைடைக் குறைத்துக் காட்டும். படிகாரம் போட்ட தண்ணீரை மின்முனை முறையில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எலிக்குக் கொடுத்துப் பார்த்து மனிதனுக்கு எப்படி அளவு சொல்கிறார்கள்?
– ஆசிரியர், கிருஷ்ணகிரி

நாட்பட்ட நச்சுத்தன்மைக்கும் புற்றுநோய்க்குமான சோதனையில் வழக்கமாக மூன்று அளவுகளிலும், மருந்தே கொடுக்காத ஒரு கூட்டத்திலும், கூட்டத்துக்கு 50 ஆண் எலி, 50 பெண் எலி வைப்பார்கள். மொத்தம் 400 எலி, 2 வருடம். எந்த அளவு வரை ஒரு தீங்கும் தெரியவில்லையோ அதை எடுத்து 100ஆல் வகுப்பார்கள். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு 10. இந்த 100 எந்த ஆய்விலும் அளந்து கண்ட எண் அல்ல. 1950களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாக அறிவியலாளர்கள் முன்வைத்த ஒரு முன்னெச்சரிக்கை முடிவு.

குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். 1999இல் சர்வதேச நிபுணர் குழு, எலியிலும் நாயிலும் தீங்கு தெரியாத அளவு கிலோ எடைக்கு 1 மி.கி. என்று எடுத்து, 100ஆல் வகுத்து, நாளைக்கு 0.01 மி.கி. என்று வைத்தது. 60 கிலோ பெரியவருக்கு 0.6 மி.கி., 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.கி. இந்தக் கணக்கு நரம்பில் உள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதி தடைபடுவதை வைத்துப் போட்டது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி அந்தக் கணக்குக்கு அடிப்படை அல்ல. தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த மருந்து அதிகம் இருந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த நியூயார்க் ஆய்வுகள் பிறகுதான் வந்தன. 2018இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு நிறுவன ஆய்வின் மூல எண்களை மறுபடி கணக்கிட்டபோது, மிகக் குறைந்த அளவிலும் எலிக்குட்டியின் சிறுமூளையில் மாற்றம் இருந்தது தெரிந்தது. அந்த ஆய்வறிக்கையின் முடிவுரையில் அது இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியில் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தே ‘தீங்கு தெரியவில்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பு. மாணவர்களுக்கு நீங்கள் இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறோம்.

ஆய்வை நடத்துவதும் பணம் கொடுப்பதும் பெரும்பாலும் பொருளை விற்கும் நிறுவனம்தான். 1970களில் அமெரிக்காவின் இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் ஆய்வகம் முடிவுகளைப் புனைந்து கொடுத்தது அம்பலமான பிறகு, ஒவ்வொரு எலியின் பதிவையும் பாதுகாத்து வைக்கக் கட்டாயப்படுத்தும் நல்ல ஆய்வக நடைமுறை விதிகள் வந்தன. பதிவு நேர்மையானது என்பதை அந்த விதி உறுதி செய்யும். கேள்வி சரியானதா என்பதை உறுதி செய்யாது.

எங்கள் பெங்களூரா மாம்பழம் உள்ளூர்ச் சோதனையில் தேறுகிறது. அதே தோட்டத்துப் பழத்தை ஏற்றுமதிக் கூழ் ஆலை வேண்டாம் என்கிறது. எந்தச் சோதனை பொய்?
– மா விவசாயி, காவேரிப்பட்டினம்

இரண்டும் மெய்யாகவே இருக்கலாம். விளைபொருளில் தங்கும் மருந்துக்கு வைக்கும் எச்ச உச்ச வரம்பு என்பதைப் பலரும் ‘இதற்கு மேல் போனால் விஷம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். அது அப்படி வருவதில்லை. லேபிளில் உள்ளபடி, சொன்ன அளவில் தெளித்து, சொன்ன நாள் காத்திருந்து பறித்தால் பழத்தில் அதிகபட்சம் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் சோதித்து அந்த எண்ணை வைப்பார்கள். பிறகுதான், மக்கள் சாப்பிடும் அளவோடு பெருக்கி, முந்தைய பதிலில் சொன்ன தினசரி அளவைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு நாட்டில் அந்தப் பயிருக்கு அந்த மருந்து பதிவாகவில்லை என்றால் கிலோவுக்கு 0.01 மி.கி. என்ற பொது வரம்பு விழும். ஐரோப்பாவிலும் அதே எண்தான், இங்கேயும் அதே எண்தான். ஆய்வகக் கருவி நம்பகமாக அளக்கக்கூடிய அடிமட்டத்தை ஒட்டி வைத்த எண் அது.

ஒரு உதாரணக் கணக்கு. 4 நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும் மருந்து, தெளித்த அன்று பழத்தில் கிலோவுக்கு 0.8 மி.கி. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16ஆம் நாள் 0.05 ஆகும். 0.01க்கு இறங்க 25 நாளைத் தாண்டும். இங்கே வரம்பு 0.05, வாங்குகிற நாட்டில் 0.01 என்றால், 18ஆம் நாள் பறித்த பழம் இங்கே தேறும், அங்கே தேறாது.

ஆகவே பூ எடுக்கும் முன்பே எந்த நாட்டுக்குப் போகப்போகிறது என்று கூழ் ஆலையிடம் கேட்டு, அவர்கள் தவிர்க்கச் சொல்லும் மருந்துகளின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். தெளித்த தேதி, மருந்து, தொகுதி எண், லிட்டருக்கு எத்தனை மில்லி, எந்த வரிசை மரம் என்று நோட்டில் எழுதுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில்: முந்தைய மருந்தைக் கழுவாத தெளிப்பான், பக்கத்துத் தோட்டத்திலிருந்து காற்றில் வரும் சாரல், கடைக்காரர் ‘இதுவும் சேர்த்து அடிங்க’ என்று கொடுத்த பாக்கெட். அந்த மூன்றாவதற்கு பில்கூட இருக்காது. பில் இல்லாத மருந்தைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.

பழுக்க வைப்பதில் ஒரு வார்த்தை. கார்பைடு கல்லுக்கு முழுத் தடை. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு.

பச்சைக் குறி போட்ட மருந்து என்றால் கையுறை இல்லாமல் அடிக்கலாமா?
– ரோஜா பண்ணைத் தொழிலாளி, ஓசூர்

கூடாது. லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப் பாதி நிறம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: ஒரே வேளையில் உள்ளே போனால் எவ்வளவு கொல்லும் என்பதை. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, வாய் வழியே, கிலோ எடைக்கு 50 மி.கி. வரை என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. பத்து வருடம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்தால் என்ன ஆகும், கர்ப்பிணிக்கு என்ன ஆகும், தோலில் அலர்ஜி வருமா என்பதெல்லாம் அந்த நிறத்தில் இல்லை.

பசுமைக்குடிலுக்குள் காற்றோட்டம் குறைவு. திறந்த வயலை வைத்து எழுதிய எச்சரிக்கை அங்கே போதாது. தெளித்த பின் எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே போகலாம் என்று லேபிளோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் இலை முழுக்கக் காய்ந்து, பக்கத் திரைகளைத் தூக்கிக் காற்று மாறும் வரை பூ வெட்டப் போகாதீர்கள். துணிக் கையுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெறும் கையைவிட மோசம். நைட்ரைல் ரப்பர் கையுறை வேண்டும். மயக்கம், வாயில் எச்சில் ஊறல், கண் மங்கல் வந்தால் 108ஐ அழையுங்கள். லேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். எந்த முறிவு மருந்து என்று டாக்டர் அதைப் பார்த்துத்தான் உடனே முடிவெடுக்க முடியும்.

களைக்கொல்லி கிளைபோசேட் புற்றுநோய் தரும் என்கிறது ஓர் அமைப்பு, தராது என்கிறது இன்னொன்று. யாரை நம்புவது?
– தக்காளி விவசாயி, பாலக்கோடு

இரண்டு அமைப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 மார்ச்சில் ‘மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது’ என்ற வகையில் சேர்த்தது. இந்தப் பொருளுக்கு அந்தக் குணம் உண்டா என்பது மட்டுமே அதன் கேள்வி. எவ்வளவு பட்டால் என்பதை அது கணக்கிடுவதில்லை. ஒழுங்குமுறை அமைப்புகள் கேட்பது, சொன்ன முறையில் பயன்படுத்தினால் ஆபத்து எவ்வளவு என்று. படித்த காகிதங்களும் வேறு. முகமை வெளியான ஆய்வுகளை எடுத்தது, கடையில் விற்கும் கலவையை வைத்துச் செய்தவையும் அதில் உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் நிறுவனங்கள் தந்த வெளியாகாத ஆய்வுகளையும் சேர்த்து, மூலப்பொருளை மையமாக வைத்துப் பார்த்தன.

மனித ஆய்வுகளும் ஒரு பக்கமாக இல்லை. அமெரிக்காவில் 54,000க்கும் மேற்பட்ட தெளிப்பாளர்களைத் தொடர்ந்த ஆய்வு 2018இல் உறுதியான தொடர்பைக் காணவில்லை. அதிகம் பட்டவர்களை மட்டும் பல ஆய்வுகளிலிருந்து சேர்த்துப் பார்த்த 2019 கணக்கில் நிணநீர்ப் புற்றுநோய் 41 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. இந்திய அரசு 2022 அக்டோபரில் முழுத் தடை போடாமல், பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. எங்கள் கருத்து: சான்று இப்படிப் பிரிந்து நிற்கும்போது, முதுகில் டேங்க் மாட்டித் தெளிப்பவர் ‘அதிகம் பட்டவர்’ வகையில்தான் தன்னை வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு அரசு 6 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. பிறகு கடையில் மறுபடி கிடைத்ததே?
– வாசகர், ஊத்தங்கரை

மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட அந்த 6க்கும் விதித்தது 60 நாள் தடை. 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆவது பிரிவு மாநிலத்துக்குத் தருகிற அதிகாரம் அவ்வளவுதான். விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள் நீட்டலாம். பதிவை ரத்து செய்வது மத்திய அரசின் கையில். மத்திய அரசு 2020இல் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு வெளியிட்டது. ஆட்சேபங்களும் கூடுதல் தரவும் வந்து, மறுபரிசீலனைக்குப் பிறகு 2023இல் முழுத் தடைக்கு உள்ளானவை வெகு சில: டைகோஃபால், டினோகாப், மெத்தோமில். மோனோகுரோட்டோபாஸ் 36 சத திரவத்துக்கு முடிவுக் காலம் குறித்தார்கள்.

மாநிலத்தின் தடைக்கு அடிப்படை எலிச் சோதனை அல்ல, தற்கொலை மரணங்கள். இதுவும் முழு அறிவியல் சான்றுதான். இலங்கை 1995இல் மிகக் கொடிய வகை மருந்துகளையும் 1998இல் எண்டோசல்பானையும் நிறுத்தியது. 2005க்குள் அந்நாட்டுத் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது. விளைச்சல் குறைந்ததாகவும் தெரியவில்லை. மாநிலங்களுக்கு நிரந்தர அதிகாரம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. மனம் உடைந்திருப்பவர்கள் 104ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

கெலவரப்பள்ளி அணையில் நுரை அடங்கினால் நஞ்சு குறைந்ததாக எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஓசூர்

முடியாது. நுரை பெரும்பாலும் சோப்புப் பொருள்களும் கழிவு நீரும். ஈயமும் குரோமியமும் நுரைக்காது. ஆலைக் கழிவில் அறுமதிப்புக் குரோமியம் (குரோமியத்தின் அதிக நச்சுள்ள வடிவம்) லிட்டருக்கு 0.1 மி.கி. என்ற வரம்பு, கழிவு வெளியேறும் குழாய் வாயில் எடுத்த தண்ணீருக்கு. எத்தனை லட்சம் லிட்டர் விடுகிறார்கள் என்பது அந்த எண்ணில் வராது. ஆற்றுக்குள் மொத்தம் எவ்வளவு போனது என்று தெரிய, செறிவோடு ஓட்டத்தின் அளவையும் கேட்க வேண்டும்.

வரைவு விதி வரும்போது எங்களைப் போன்ற மாணவர்கள் என்ன எழுதி அனுப்பலாம்?
– கல்லூரி மாணவி, அரூர்

மத்திய அரசிதழில் வரைவு வந்தால் ஆட்சேபம் அனுப்பும் கடைசி நாள் அதிலேயே இருக்கும், முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘விஷம், தடை செய்யுங்கள்’ என்று ஆயிரம் பேர் எழுதிய கடிதம் குழுவின் மேஜையில் ஒரே கருத்தாகத்தான் பதிவாகும். ஒரு கிராமத்தில் 30 தெளிப்பாளர்களிடம் எடுத்த விவரம் தனிச் சான்றாக நிற்கும்: எந்தப் பயிர், மருந்தின் பெயர், செறிவு, லிட்டருக்கு எத்தனை மில்லி, மாதத்துக்கு எத்தனை முறை, கையுறை அணிந்தார்களா, அடுத்த 24 மணி நேரத்தில் என்ன அறிகுறி. லேபிள் நிபந்தனைகளை வயலில் கடைப்பிடிக்கவே முடிவதில்லை என்று இதில் தெரிந்தால், ‘சொன்ன முறையில் பயன்படுத்தினால்’ என்ற அடிப்படைக் கணக்கே கேள்விக்குள்ளாகும். பெயர்களை நீக்கி எண் கொடுங்கள், சம்மதம் வாங்குங்கள். அறிகுறி இல்லாதவர்களையும் விடாமல் பதியுங்கள். அவர்களை விட்டுவிட்டால் மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். ஆய்வக அறிக்கை இணைத்தால் சோதனை முறையும், கருவி அளக்கும் குறைந்தபட்ச அளவும் அதில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் இருந்தால் பயனில்லை.

ஒரு மருந்துக்கு எந்தப் பயிரில் அனுமதி, எத்தனை நாள் காத்திருப்பு என்று ஃபரிதாபாத்தில் உள்ள மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள். ஒரு மனுவில் ஒரு மருந்து, குறிப்பான கேள்விகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எல்லா ஆய்வுகளும் வேண்டும்’ என்று கேட்டால் வணிக ரகசியம் என்று மறுப்பார்கள். அனுமதிக்கப்பட்ட லேபிளின் நகலும், பதிவுக் குழு முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பும் வேண்டும் என்று எழுதுங்கள்.